மெல்லப் பாடினால் சிக்யூ ஏறுகிறது, ஆசிரியர் காற்றுக் குரல் என்கிறார்: எதை நம்புவது?

மேல்ஸட்ஜம்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலியியல் படிக்கிறேன், சின்ன வயதிலிருந்து பாடவும் செய்கிறேன். எங்கள் துறை ஆய்வகத்தில் இஜிஜி கருவி ஒன்று இருக்கிறது, எலக்ட்ரோகுளோட்டோகிராஃப் என்பதன் சுருக்கம்தான் இஜிஜி. குரல்வளைக் குருத்தெலும்புக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மின்முனைகளை வைத்துக் கழுத்தோடு பட்டையால் கட்டிக்கொண்டு பாடினால், குரல் நாண்கள் ஒன்றையொன்று தொடுவதும் விலகுவதும் திரையில் அலையாக ஓடும். கூடவே மென்பொருள் ஒவ்வொரு அதிர்வுச் சுற்றுக்கும் ஒரு எண் தருகிறது. காண்டாக்ட் கோஷன்ட், சுருக்கமாக சிக்யூ. ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு நேரம் நாண்கள் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் அது என்று கையேடு சொல்கிறது.

'ஆ' என்று நீட்டி 220 ஹெர்ட்ஸில் தொடங்கி 660 வரை ஏறினேன். கீழே கணீரென்று பாடும்போது சிக்யூ 0.55 பக்கம் நிற்கிறது. 350 தாண்டியதும் குரல் மாறும் இடத்தில் சட்டென்று 0.42க்கு விழுகிறது. அதுகூட ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் மேலே போய் மெல்லப் பாடினால் 0.65 காட்டுகிறது! அந்த இடத்தில் என் குரல் காற்றாகத்தான் வருகிறது, எனக்கே கேட்கிறது. பாட்டு ஆசிரியரும் பதிவைக் கேட்டுவிட்டு "காத்து ஒழுகுது, நாண் சேரவே இல்லை" என்றார். மென்பொருளோ சிவப்புக் கட்டம் போட்டு, அழுத்திப் பாடுகிறேன் என்கிறது. இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்?

போதாக்குறைக்கு, அமைப்பில் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. அதை 25 சதவீதத்திலிருந்து 50க்கு மாற்றினால் மேல் ஸ்வரங்களின் 0.65 அப்படியே 0.5 ஆகிவிடுகிறது, கீழே இருந்த 0.55 என்பது 0.44 ஆகிறது. எந்த வரம்பு சரியானது? அப்புறம் கமகம் போட்டுப் பாடிய துண்டுகளில் ஜிட்டர் எண்ணும் சிவப்பாகவே வருகிறது, அது பயப்பட வேண்டிய விஷயமா? கழுத்தில் எதையும் கட்டாமல் மைக் பதிவை மட்டும் வைத்து இதையெல்லாம் கணக்கிட முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அலைவடிவம்:

உங்கள் ஆசிரியர் காது சரி. கருவியிலும் கோளாறு இல்லை. நடுவில் உட்கார்ந்து அலையை எண்ணாக்குகிற கணக்கு, கணக்குப் போடக்கூடாத இடத்திலும் போட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கருவி எதை அளக்கிறது என்று பார்ப்போம். கழுத்தின் குறுக்கே மிகச் சிறிய மின்னோட்டம் போகிறது, சில மில்லியாம்பியருக்கு மேல் இருக்காது, அதிர்வெண் சில நூறு கிலோஹெர்ட்ஸ் முதல் மெகாஹெர்ட்ஸ் வரை இருப்பதால் தோலில் ஒன்றும் தெரியாது. நாண்கள் தொட்டால் மின்னோட்டத்துக்கு வழி எளிது, மின்தடை இறங்கும். விலகினால் நடுவில் காற்று, மின்தடை ஏறும். 1957இல் பிலிப் ஃபாப்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட யோசனை இது, அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. மொத்த மின்தடையில் நாண்களால் வரும் ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு சதவீதம்தான், மீதி முழுக்கத் தோல், கொழுப்பு, தசை. ஆக உங்களுக்குக் கிடைப்பது தொடுகைப் பரப்பு மட்டும். நாண்கள் விலகிய பிறகு அரை மில்லிமீட்டர் திறந்தனவா இரண்டு மில்லிமீட்டர் திறந்தனவா என்று இஜிஜிக்குத் தெரியவே தெரியாது.

இனி உங்கள் 0.65. வரம்பு முறை என்ன செய்கிறதென்றால், ஒவ்வொரு சுற்றிலும் அலையின் அடியை 0, உச்சியை 100 என்று வைத்துக்கொண்டு 25 சதவீத உயரத்தில் ஒரு கோடு போடுகிறது. அலை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் நேரத்தைச் சுற்றின் மொத்த நேரத்தால் வகுத்தால் சிக்யூ. நாண்கள் நன்றாக மோதும்போது இதில் தப்பில்லை. நாண்கள் தொடவே தொடாமல், அல்லது ஓரம் மட்டும் லேசாக உரசி அதிரும்போதும் இஜிஜியில் சின்னதாக ஒரு அலை வரத்தான் செய்யும், அது கிட்டத்தட்ட சைன் அலையாக, அதாவது ஒரே சீராக வழவழவென்று ஏறி இறங்கும் அலையாக இருக்கும். மென்பொருள் அந்தக் குட்டி அலையையும் இழுத்து 0 முதல் 100 ஆக்கி, அதே கோட்டைப் போடுகிறது. ஒரு சைன் அலை 25 சதவீதக் கோட்டுக்கு மேலே எவ்வளவு நேரம் இருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: சரியாக மூன்றில் இரண்டு பங்கு, 0.667. 35 சதவீதக் கோடு என்றால் ஏறக்குறைய 0.6. 50 என்றால் 0.5. உங்கள் 0.65 ஏன் 0.5 ஆனது என்று இப்போது தெரிகிறதா? அது உங்கள் குரல்வளையைப் பற்றிய தகவலே கிடையாது. சிக்னல் ஜெனரேட்டரை அந்த உள்ளீட்டில் செருகினாலும் இதே எண்தான் வரும், அதையும் மென்பொருள் அழுத்திப் பாடுகிறது என்றுதான் திட்டும்.

சரிபார்க்க இரண்டு வழி. ஒன்று, தானியங்கிப் பெருக்கத்தை நிறுத்திவிட்டு மூல அலையின் உயரத்தைப் பாருங்கள். கீழ் ஸ்வரத்தோடு ஒப்பிட்டால் மெல்லிய மேல் ஸ்வரத்தில் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தால் அங்கே சிக்யூ எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். இன்னொன்று, அலையின் வகைக்கெழுவைப் பாருங்கள், அதாவது அலை ஒவ்வொரு கணமும் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதை, டீஇஜிஜி என்பார்கள். நாண்கள் சேர்வது வேகமாகவும் விலகுவது மெதுவாகவும் நடக்கும், கீழ் ஓரத்தில் தொடங்கி மேல் ஓரம் வரை ஜிப் மாதிரி பிரிந்துகொண்டே போகும். அதனால் சேரும் கணத்தில் வகைக்கெழுவில் ஊசி போல ஒரு உச்சி எழும். சைனில் அந்த ஊசி இருக்காது. ஊசி இல்லாத இடத்தில் சிக்யூவைப் படிக்காதீர்கள்.

எந்த வரம்பு சரி என்றால், எதுவுமே இயற்கை விதித்தது இல்லை. டேவிட் ஹோவர்ட் என்ற குரல் ஆய்வாளர் ஒரு கலப்பு முறை வைத்திருந்தார், சேரும் கணத்தை வகைக்கெழுவின் உச்சியிலிருந்தும் விலகும் கணத்தை ஏழில் மூன்று பங்கு உயரக் கோட்டிலிருந்தும் எடுப்பது. விலகும் கணத்தில் வகைக்கெழு மழுங்கிப்போவதால் வந்த ஏற்பாடு அது. இரண்டு கணங்களையுமே வகைக்கெழுவிலிருந்து எடுக்கலாம் என்று நதாலி ஹென்ரிஷ் குழுவினர் 2004இல் விரிவாக எழுதினார்கள், கூடவே சில நேரம் ஊசி இரட்டையாக வரும், அப்போது எதை எடுப்பது என்பது பெரிய பாடு என்பதையும் சொன்னார்கள். ஒரே பதிவுக்கு இந்த முறைகள் ஆளுக்கொரு எண் தரும். முறையைச் சொல்லாமல் சிக்யூ 0.5 என்று யாராவது எழுதினால் நான் அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

துருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் தொடுகை மேல்நோக்கி வரும், சிலவற்றில் கீழ்நோக்கி. அலை தலைகீழாக இருந்தால் 0.4 வரவேண்டிய இடத்தில் 0.6 வந்து நிற்கும், அது முற்றிலும் நம்பும்படியாகவும் இருக்கும். கீழ் ஸ்வரம் ஒன்றைச் சாதாரணமாகப் பாடுங்கள், செங்குத்தான பக்கம் ஏறுமுகமாக இருந்தால் சரி.


குரல்சிகிச்சை:

பேச்சு, குரல் சிகிச்சையில் வேலை செய்கிறேன். மேலே சொன்ன சைன் விஷயம் கிளினிக்கிலும் நடக்கும். நாண்கள் சேராமல் இடைவெளி விட்டு அதிரும் ஒருவருக்கு சிக்யூ உயர்வாக வந்து, அறிக்கையில் இறுக்கம் என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கோப் போட்டு, அதாவது தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால் நாண்களுக்கு நடுவே பளிச்சென்று இடைவெளி.

350 ஹெர்ட்ஸில் விழுவதைப் பற்றி: அது கோளாறு கிடையாது, அதுதான் இந்த அளவீட்டிலேயே மிகத் தெளிவாகத் தெரிகிற விஷயம். குரல்வளையின் இயக்க முறைகளை எம்0 முதல் எம்3 வரை நான்காகப் பிரிக்கிறார்கள். ரூபோ, ஹென்ரிஷ், காஸ்டெல்லங்கோ மூவரும் 2009இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர்கள் பரவலாகிவிட்டன. எம்0 என்பது கரகரவென்று அடியில் உடையும் குரல், எம்1 மார்புக் குரல், எம்2 தலைக் குரலும் ஆண்களின் கள்ளக் குரலும், எம்3 விசில் மாதிரி மேலே போவது. எம்1இல் நாணுக்குள் இருக்கும் தசையும் சேர்ந்து தடித்து அதிரும், அதனால் தொடுகை நேரம் அதிகம். எம்2இல் நாண் நீண்டு மெலிந்து, மேல்படலம் மட்டும் அதிரும், தொடுகை நேரம் குறையும். மாறும் இடத்தில் அலை உயரமும் சிக்யூவும் சேர்ந்து விழும். காதுக்கு மாற்றமே தெரியாத அளவுக்கு வழுக்கிக்கொண்டு போகிற பாடகர்களுக்குக்கூட இஜிஜியில் அந்தப் படி தெரியும். நடுவில் இரண்டு முறையிலும் பாடக்கூடிய ஸ்வரங்கள் பல உண்டு, ஒரே ஸ்வரத்தை இரண்டு விதமாகவும் பாடிப் பதிவு செய்தால் வித்தியாசம் அழகாக வரும்.

ஜிட்டருக்குப் பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த சுற்றுகளின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஜிட்டர். ஒரே சுருதியில் அசையாமல் நீட்டிய உயிரெழுத்துக்கு என்று உருவாக்கிய அளவு. நீங்கள் கமகம் போடும்போது வேண்டுமென்றே சுருதியை ஆட்டுகிறீர்கள், வைப்ராட்டோ பாடுகிறவர்கள் நொடிக்கு 5 முதல் 7 தடவை ஆட்டுகிறார்கள். அதையெல்லாம் ஜிட்டர் கணக்கில் விட்டால் நல்ல பாடகருக்குத்தான் மோசமான மதிப்பெண் வரும். அசைவில்லாமல் நீட்டிய துண்டின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுங்கள், தொடக்கமும் முடிவும் வேண்டாம். கரகரப்பு அதிகமான, சுற்று எது என்றே பிரிக்க முடியாத குரலுக்கு ஜிட்டர் போடவே கூடாது, எண் வரும், அர்த்தம் இருக்காது.

கண்ணால் பார்ப்பதைப் பற்றியும் கொஞ்சம். குரல் நாண்கள் இயங்குவதைக் கண்ணாடி வைத்து முதலில் முறையாகப் பார்த்துச் சொன்னவர் மானுவல் கார்சியா. 1854இல் பல் மருத்துவர்களின் சின்னக் கண்ணாடியும் சூரிய வெளிச்சமும் கொண்டு தன் தொண்டையைத் தானே பார்த்தார், மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அது வாசிக்கப்பட்டது. ஆனால் கண்ணாடியில் தெரிவது மங்கலான அதிர்வுதான், 220 தடவை ஒரு நொடியில் நடப்பதைக் கண் பிரிக்காது. 1878இல் ஊர்ட்டெல் ஸ்ட்ரோபோஸ்கோப்பைச் சேர்த்தார். விளக்கு சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளித் தள்ளி மின்னும், அதனால் நாண் மெதுவாக அசைவது போலத் தெரியும். நீங்கள் பார்க்கும் அந்த ஒரு அலை பல சுற்றுகளிலிருந்து ஒட்டவைத்த படம், ஒழுங்கற்ற அதிர்வில் அது குழம்பிவிடும். உண்மையில் ஒவ்வொரு சுற்றையும் பார்க்க அதிவேகக் கேமரா வேண்டும். நொடிக்கு 4000 படம் எடுக்கும் கேமராவில் 220 ஹெர்ட்ஸ் பாடினால் சுற்றுக்கு 18 படம் கிடைக்கும், 660இல் பாடினால் ஆறே படம். ஆறு படத்தில் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று சொல்வது குத்துமதிப்புதான். இதற்காகத்தான் ஷ்வெச், ஷுட்டே இருவரும் 1996இல் வீடியோகைமோகிராஃபி கொண்டு வந்தார்கள். முழுப் படம் வேண்டாம், நாண்களின் குறுக்கே ஒரே ஒரு கோட்டை மட்டும் நொடிக்குக் கிட்டத்தட்ட 8000 தடவை பிடிப்பது.

ஆனால் வாய் வழியாக விறைப்பான ஸ்கோப்பை விட்டு நாக்கை வெளியே பிடித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொன்னால் அது பாட்டு ஆகாது. மூக்கு வழியாகப் போகும் வளையும் ஸ்கோப்பில் ஓரளவு பாடலாம். உங்கள் கேள்விக்கு அது தேவைப்படாது. குரல் கம்மி நாலு வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்கோப் போடுங்கள், இஜிஜி எண்ணை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கழுத்தில் மின்முனை கட்டும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.


பழையசுருதி:

நான் அளவுக்காரன் இல்லை, பாட்டு சொல்லிக்கொடுப்பவன். மேலே ஒருவர் கார்சியா பெயரைச் சொன்னார். அவர் மருத்துவர் இல்லை, பாட்டு வாத்தியார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், எங்கள் ஆட்களும் கொஞ்சம் விஞ்ஞானம் பண்ணியிருக்கிறார்கள்!

இந்த சிக்யூ விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. என்னிடம் வந்த ஒரு பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே பாடும். எண் 0.6ஐத் தொட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொட்டுவிட்டது, எப்படித் தெரியுமா, தொண்டையை நெரித்து. கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் தட்டையாகிவிட்டது, எண் மட்டும் பச்சை. நெரித்தாலும் தொடுகை நேரம் கூடும், நல்ல மூச்சோடு சத்தத்தை ஏற்றினாலும் கூடும், எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதைவிட, அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் அந்தக் கணீர் நாண்களில் மட்டும் உண்டாவது இல்லையே. 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சக்தி குவிவதால் வருகிறது, நாணுக்கு மேலே இருக்கும் குழாயின் வடிவம்தான் அதற்குக் காரணம் என்று குரல் ஆய்வாளர் யோஹான் சுந்த்பெர்க் அந்தக் காலத்திலேயே காட்டிவிட்டார், அது உங்கள் இஜிஜி அலையில் தெரியுமா?

அம்மா மேல்ஸட்ஜம், உங்கள் ஆசிரியர் காதை விடாதீர்கள்.


அலைவடிவம்:

ஐயா, அந்த எண்ணை இலக்காக வைத்தது யார் என்று தெரியவில்லை, வைத்தது தப்புதான், அதில் உங்களோடு சண்டை இல்லை. 3000 ஹெர்ட்ஸ் குவியல் இஜிஜியில் தெரியாது, அதற்கு மைக்தான். ஆனால் நாண்கள் வெடுக்கென்று சேராவிட்டால் மேல் ஹார்மோனிக்குகள், அதாவது அடி அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் ஒலிகள், பிறக்கவே மாட்டா, அப்புறம் குழாய் எதைப் பெருக்கும்? அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்கிறோம். காது முடிவைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. காற்று ஒழுகுவது நாண் சேராததாலா, சேர்ந்தும் மெதுவாகச் சேர்வதாலா என்று காதால் பிரிப்பது கஷ்டம், வகைக்கெழுவில் பார்த்த உடனே தெரிந்துவிடும்.


மேல்ஸட்ஜம்:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன். துருவம் சரியாகத்தான் இருக்கிறது, கீழே ஏறுமுகம் செங்குத்து. தானியங்கிப் பெருக்கத்தை நிறுத்தியதும் மெல்லிய மேல் ஸ்வரத்தின் அலை கோடு மாதிரி ஆகிவிட்டது, பெரிதாக்கிப் பார்த்தால் வழவழவென்று சைன். ஊசி சுத்தமாக இல்லை. அதே 660ஐச் சத்தமாகப் பாடினால் அலை பெரிதாகிறது, ஊசி வருகிறது, 25 சதவீதக் கோட்டில் சிக்யூ 0.48. ஆக மெல்லப் பாடும்போது 0.65, உரக்கப் பாடும்போது 0.48, அலையைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்தால் முழுக்கத் தலைகீழான முடிவுக்கு வந்திருப்பேன்!

இப்போது புதிதாக இரண்டு சந்தேகம். மேலே ஏறும்போது என் குரல்வளையும் கழுத்தில் மேலே ஏறுகிறது, விரல் வைத்தாலே தெரிகிறது. மின்முனை அதே இடத்தில் இருக்க, நாண்கள் நகர்ந்துவிட்டால் அலை சின்னதாவது அதனாலா, தொடுகை குறைந்ததாலா? இன்னொன்று, மைக் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.


அலைவடிவம்:

குரல்வளை நகர்வதைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஆமாம், நகர்ந்தாலும் அலை சுருங்கும், ஆனால் சுருங்கினாலும் வடிவம் பெரும்பாலும் மாறாது. ஊசி அப்படியே இருந்து உயரம் மட்டும் குறைந்தால் இடம் பெயர்ந்திருக்கிறது, ஊசியே மழுங்கினால் தொடுகை போய்விட்டது. ஒரு பக்கத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு மின்முனை வைத்து எந்த ஜோடியில் அலை பெரிதாக வருகிறது என்று பார்த்து குரல்வளையின் உயரத்தையும் பின்தொடரும் இரட்டைச் சேனல் கருவிகள் உண்டு, மார்ட்டின் ராதன்பெர்க் வடிவமைத்தது. உங்களிடம் இருப்பது ஒற்றைச் சேனல் என்றால், உங்கள் பாட்டு எல்லையின் நடுவில் ஒரு ஸ்வரத்தைப் பாடி அலை அதிகபட்சமாக வரும் இடத்தில் மின்முனையை வையுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஜெல் தடவி, விழுங்க முடிகிற அளவுக்கு மட்டும் பட்டையை இறுக்குங்கள். பெண்களுக்குக் குரல்வளை சின்னது, கருவியின் சிக்னல் இயல்பிலேயே ஆண்களுக்கு வருவதைவிடக் குறைவாக இருக்கும், அதற்காகக் கழுத்தை நெரித்துக் கட்ட வேண்டியதில்லை.

குரல்வளை ஏறி இறங்குவதால் அலை மொத்தமாக மெதுவாக மேலும் கீழும் மிதக்கும், அதை வடிகட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஃபேஸைக் குலைக்காத வடிகட்டியாக, அதாவது அலையின் பகுதிகளை முன்னும் பின்னும் நகர்த்தாத வடிகட்டியாகப் பாருங்கள். தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சாதாரண ஹைபாஸ் வடிகட்டி போட்டால் அடி அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் அலை சாய்ந்துவிடும், சாய்ந்த அலைக்குக் கோடு போட்டால் சிக்யூவும் சாயும்.

மைக் மட்டும் போதுமா? கீழ் ஸ்வரங்களுக்கு ஓரளவு போதும், மேலே போகப் போகப் போதாது. மைக்கில் வருவது நாணின் ஒலி குழாய் வழியாக வந்த பிறகு. குழாயின் அதிர்வுகளைக் கணக்கிட்டு அவற்றை நீக்கினால் நாண்களுக்கு நடுவே காற்று எப்படிப் பாய்ந்தது என்று கிடைக்கும், தலைகீழ் வடிகட்டல் என்று பெயர். ராதன்பெர்க் 1973இல் முகமூடி ஒன்றைச் செய்து வாயிலிருந்து வரும் காற்றோட்டத்தையே நேராக அளந்து இதைச் செய்தார், மைக்கைவிட அதில் ஒரு லாபம், ஒழுகும் காற்றின் அளவும் தெரியும். ஆனால் குழாயின் அதிர்வுகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஹார்மோனிக்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். 220இல் பாடினால் 3500 ஹெர்ட்ஸுக்குள் 15 ஹார்மோனிக், 660இல் ஐந்தே ஐந்து. ஐந்து புள்ளியை வைத்து நாலு மேட்டை வரைய முடியாது.

முதல் ஹார்மோனிக் இரண்டாவதைவிட எவ்வளவு டெசிபல் கூட என்று பார்த்தால் காற்றுக் குரல் தெரியும் என்பார்கள். அதுவும் கீழே சரி. பெண்குரலின் 'ஆ'வில் குழாயின் முதல் அதிர்வு 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். நீங்கள் 660இல் பாடும்போது முதல் ஹார்மோனிக் போய் அதன் மடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது, நாண் இறுக்கமாகச் சேர்ந்தாலும் அது பெரிதாகத்தான் வரும்.

மைக்கையும் இஜிஜியையும் ஒரே ரெக்கார்டரின் இரண்டு சேனலில் எடுங்கள், ஆனால் அப்படியே மேலே கீழே வைத்து ஒப்பிடாதீர்கள். மின்சாரம் உடனே வரும், ஒலி தாமதமாக வரும். குழாய் 15 செ.மீ., உதட்டிலிருந்து மைக் 30 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1.3 மில்லிநொடி. 660 ஹெர்ட்ஸின் ஒரு சுற்றே 1.5 மில்லிநொடிதான், ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று தள்ளிப் போயிருக்கும்.

அப்புறம் சத்தம். நீங்களே பார்த்துவிட்டீர்கள், ஒரே சுருதியில் சத்தம் மாறினால் எல்லாமே மாறுகிறது. அதனால் ஒற்றை எண் எடுக்காமல் வரைபடமாக எடுங்கள். கிடையில் சுருதி, செங்குத்தில் சத்தம், ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தில் இஜிஜி அளவு. ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் குழு உருவாக்கிய ஃபோனாடின் என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது, இலவசம். அலை வடிவங்களை ரகம் பிரித்துக் காட்டும், சைன் மாதிரி இருக்கிற ரகம் மெல்லிய ஓரத்தில் தனி நிறமாக ஒதுங்கிவிடும். உங்கள் 0.65 எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.


குரல்சிகிச்சை:

ஒன்று சேர்க்கிறேன். பழையசுருதி ஐயா கேட்ட நெரிப்பா, மூச்சா என்ற கேள்விக்கு இஜிஜி தனியாகப் பதில் சொல்லாது, நாணுக்குக் கீழே இருக்கும் காற்றழுத்தமும் தெரிய வேண்டும். அதற்குக் கழுத்தில் ஊசி குத்தவெல்லாம் வேண்டாம். உதட்டு ஓரத்தில் மெல்லிய குழாயை வைத்துக்கொண்டு 'ப ப ப ப' என்று அதே சுருதியில் பாடச் சொல்வோம். 'ப'வுக்கு உதடு மூடி, நாண் திறந்திருக்கும் அந்த நொடிப்பொழுதில் வாய்க்குள் இருக்கும் அழுத்தமும் நுரையீரலில் இருக்கும் அழுத்தமும் சமமாகிவிடும். சாதாரணப் பேச்சில் 5 முதல் 10 செ.மீ. நீரழுத்தம், உரக்கப் பாடும்போது 30ஐயும் தாண்டும். அழுத்தம் ஏறியும் சத்தம் ஏறவில்லை, சிக்யூ மட்டும் ஏறுகிறது என்றால் நெரிக்கிறார். அழுத்தத்தோடு சத்தமும் நன்றாக ஏறினால் ஐயா சொல்கிற நல்ல மூச்சு.


பழையசுருதி:

அந்தப் 'ப ப ப' நாங்களும் பண்ணுகிறோம், குழாய் இல்லாமல். எண் போடத் தெரியாது, அவ்வளவுதான். மேல்ஸட்ஜம், உரக்கப் பாடினால் சேர்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் 660இல் உரக்கத் தொடங்கி அப்படியே குறைத்துக்கொண்டு வாருங்கள், மெல்லத் தொடங்காதீர்கள். எந்த இடத்தில் காற்றாகிறது என்று அந்த ஊசியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?


மேல்ஸட்ஜம்:

முடியும் ஐயா, ஊசி மழுங்கத் தொடங்கும் சத்த அளவை டெசிபலில் குறித்துவைக்கிறேன். அடுத்த முறை ஆய்வகம் கிடைக்கும்போது வரைபடமும் எடுத்து இங்கேயே போடுகிறேன், வரம்பு 25, வகைக்கெழு இரண்டும் சேர்த்து.


அலைவடிவம்:

மைக் தூரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டெசிபலுக்கு அர்த்தம் இருக்காது. தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் போய்விடும். தலையில் மாட்டும் மைக் இருந்தால் அதையே போடுங்கள்.